தம்பியின் கித்தார், என் விரல்கள்

"வீட்டில் யாராவது கித்தார் வாசிப்பீர்களா?" என்று அந்தப் பெண் மலாயில் கேட்டார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அறை அது. குளிர்சாதனம் அளவுக்கு மீறிக் குளிர்ந்துகொண்டிருந்தது. சுவரில் குடை, பூனை, வாழைப்பழம், பல் துலக்கும் தூரிகை என்று படங்கள் ஒட்டியிருந்தார்கள். பாலர் பள்ளிக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. நானும் என் மனைவி சரோஜாவும் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் சக்கர நாற்காலியில் என் தம்பி தேவன்.

கேள்வி வந்ததும் நாங்கள் இருவரும் தேவனைத்தான் பார்த்தோம்.

எங்கள் குடும்பத்தில் கித்தார் வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவனுடைய வலது கை மடியில் கிடந்தது. சற்று முன்னால் இடது கையால் அதைத் தூக்கி அவனே அங்கே வைத்திருந்தான்.

அஸ்லினா என்ற அந்தப் பயிற்சியாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் பார்வை போன திசையைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்துவிட்டது. "மாஆஃப், அங்கிள்" என்று தேவனிடம் மன்னிப்புக் கேட்டார்.

"அதான்" என்றான் தேவன்.

அப்போது அவனிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் அது.

இறால் வாங்கப் போனவன்

தேவன் எனக்கு ஆறேழு வயது இளையவன். செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தான். புக்கிட் ரோத்தானில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தான். சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் பாசிர் பெனம்பாங் போய் மீன் வாங்குவான். எங்களுக்கும் சேர்த்தே வாங்கி வந்து, எங்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

அந்தச் சனிக்கிழமையும் போயிருக்கிறான். எப்போதும் வாங்கும் சீனப் பெண்மணியின் கடையில் இறாலைக் காட்டி என்ன விலை என்று கேட்கப் போனவனுக்கு வாயில் வேறென்னவோ வந்திருக்கிறது. காலையிலேயே குடித்துவிட்டானோ என்று அந்தம்மா முதலில் நினைத்தாராம். பிறகு அவன் கையிலிருந்த பை நழுவி விழுந்ததையும், அவன் அதைக் குனிந்து பார்க்காமல் நின்றதையும் பார்த்திருக்கிறார். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார வைத்து, அவனுடைய கைப்பேசியில் கடைசியாகப் பேசிய எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அது என் எண்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. அவனுடைய சட்டையெல்லாம் ஐஸ் தண்ணீர். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றான். உதடு ஒரு பக்கமாகவே போயிற்று.

"ஒண்ணுமில்லடா. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"அதான்" என்றான். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவன் வேறு எதுவும் பேசவில்லை.

தண்ணீர் வேண்டுமானாலும் அதான். கால் வலித்தாலும் அதான். கோபம் வந்தால் உரக்க, அதான் அதான் அதான். நாம் பேசுவது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. நகைச்சுவை சொன்னால் சிரிப்பான். தவறான சொல் வந்துவிட்டது என்றும் அவனுக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொள்வான். அதைப் பார்ப்பதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

வேறொரு வழி

அஸ்லினா எங்களுக்கு விளக்கினார். பேசுவதற்கு மூளையில் ஒரு வழி, பாடுவதற்கு இன்னொரு வழி. முதல் வழி அடைபட்டுப்போன சிலருக்கு இரண்டாவது வழி திறந்தே இருக்கும். சின்னச் சின்ன வாக்கியங்களைப் பாட்டுபோல இழுத்துச் சொல்லப் பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்கள் வரலாம். தேவன் இசைக்குழுவில் இருந்தவர் என்பதால் அவருக்குக் கித்தார் ஓசை உதவக்கூடும். வாரம் ஒரு முறை இங்கே வந்தால் போதாது, வீட்டில் தினமும் யாராவது கூட வாசிக்க வேண்டும்.

"எல்லாருக்கும் இது பலிக்காது, அங்கிள். ரொம்ப ஆசைப்பட்டுவிடாதீர்கள்" என்றும் சொன்னார்.

"நான் பழகிக்கொள்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், தேவன் காடியின் பின் இருக்கையில் தூங்கிய பிறகுதான் சரோஜா வாயைத் திறந்தாள்.

"என்னங்க, கதவு மணி அடிச்சா போனை எடுத்துக் காதுல வைக்கிற ஆளு நீங்க. கித்தாரா?"

அவள் சொன்னது உண்மைதான். எனக்கு இசைக்காது கிடையாது. என் வாழ்நாளில் பாதிக்கு மேல் நான் கேட்டது லோரி இன்ஜின் சத்தம். கோல சிலாங்கூர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு அந்த லோரியின் கதை முழுவதும் தெரியும்.

மேடைக்குப் பின்னால்

தேவனின் இசைக்குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரவாங், தஞ்சோங் காராங், பத்தாங் பெர்ஜுந்தை என்று கல்யாணம் நடக்கும் இடமெல்லாம் அவர்கள் போவார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஏற்ற வண்டி கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுவான். நானும் போவேன். பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, வண்டியிலேயே தூங்கிவிடுவேன். அவன் வாசிப்பதை மேடைக்கு முன்னால் நின்று நான் கேட்டதாக நினைவில்லை. பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். தோள் ஆடாது, தலை ஆடாது. கை மட்டும்தான்.

அவனுக்கு ஒரு மகள், மாலினி. அவள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போதே அவனுடைய மனைவி மகளை அழைத்துக்கொண்டு ரவாங்கில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். "ஊர்ல உள்ளவங்க கல்யாணத்துக்கெல்லாம் இவரு இருப்பாரு. எங்களோட ஒரு ஞாயித்துக்கிழம இருந்ததில்ல" என்று என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார். தேவன் பல காலம் ரவாங்குக்குப் போய்வந்துகொண்டிருந்தான். மகள் வளர வளர அதுவும் குறைந்தது. கடைசியில் நின்றேபோனது.

யார் பக்கம் நியாயம் என்று நான் எழுதப்போவதில்லை. மூன்று பேருமே இருக்கிறார்கள். அது அவர்களுடைய விஷயம்.

காய்ப்பு இருந்த இடம் வேறு

தேவனை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். அவனுடைய வாடகை வீட்டைக் காலி செய்தபோது கித்தாரையும் கொண்டுவந்தேன். கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. கம்பிகள் துருப்பிடித்திருந்தன. கிள்ளானில் ஒரு கடையில் கொடுத்துப் புதுக் கம்பிகள் மாட்டினேன். சுருதி சேர்ப்பதற்குக் கைப்பேசியில் ஒரு செயலியைக் கடைக்காரரே ஏற்றிக் கொடுத்தார்.

பாடம் நடத்தியது யூடியூபில் ஓர் இந்தோனேசியப் பெண். அவர் பேசுவது நம் மலாய் மாதிரியே இருந்ததால் எனக்குப் புரிந்தது. நான்கு கோர்டு தெரிந்தால் போதும், நூறு பாட்டு வாசிக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இ மைனர், ஜி, சி, டி.

"இன்னிக்கு எந்தக் கோர்டு?" என்று நான் கைப்பேசியிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"கோர்ட்டா? என்ன கேசு?" என்று சமையலறையிலிருந்து சரோஜா பதறிக்கொண்டு வந்தாள்.

பல விரல்களால் பல கம்பிகளை ஒரே சமயத்தில் அழுத்திப் பிடித்து, அத்தனையும் சேர்ந்து ஒலித்தால் அது கோர்டு. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. இ மைனருக்கு இரண்டு விரல் போதும். அதை முதல் நாளே பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன் என்று நினைத்துக் கம்பிகளைத் தடவினேன். தகர டப்பாவில் கல்லைப் போட்டதுபோல் சத்தம் வந்தது.

என் கை காய்த்துப்போன கை. ஆகவே வலிக்காது என்று எண்ணியிருந்தேன். ஆனால் லோரிக்காரன் காய்ப்பு உள்ளங்கையில் இருக்கிறது. கித்தார் கேட்பது விரல் நுனியை. நுனி நான்கும் புதிதாகப் பிறந்த குழந்தையின் தோல் மாதிரி இருந்திருக்கின்றன, எனக்குத்தான் இத்தனை காலம் தெரியவில்லை. ஒரு வாரத்தில் ஒவ்வொரு நுனியிலும் கம்பியின் தடம் குழியாக விழுந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட்டால் வலித்தது. கை கழுவும்போது சவர்க்காரம் பட்டால் எரிந்தது.

பிடிப்பதைவிட மாறுவது கடினம். ஜியிலிருந்து சிக்குப் போக வேண்டுமென்றால் மூன்று விரலும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக இறங்க வேண்டும். என் விரல்கள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துப் போயின. கியர் மாற்றுகிறவன் கியரைப் பார்ப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இருந்தும் குனிந்து குனிந்து பார்த்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

பறந்து வந்த கோப்பை

முதல் தடவை கித்தாரை முன்கூடத்தில், தேவன் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் எடுத்தேன். அவனுக்கு உற்சாகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதை மடியில் வைத்து இரண்டு முறை கம்பியைத் தடவியதும் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கோப்பையை இடது கையால் எடுத்து எறிந்தான். அதிலிருந்த மைலோ பானம் என் சட்டையிலும் கித்தாரிலும் தெறித்தது. "அதான் அதான் அதான்" என்று கத்தினான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது.

சரோஜா ஓடிவந்து துணியால் கித்தாரைத் துடைத்தாள். பிறகு என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"அவருக்கு அது வேதனைங்க. தன் கை செத்துக் கெடக்கு. அது தொட்ட சாமான இன்னொருத்தர் கையில பார்த்தா எப்படி இருக்கும்? விட்டுடுங்க."

நான் விடவில்லை. ஆனால் இடத்தை மாற்றிக்கொண்டேன். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன். ஜிங்க் தகர வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை மரங்கள். காற்று திரும்பினால் ஆலையின் புளித்த வாசம் வரும். தேவன் காலையில் பசியாறி முடித்துப் படுத்த பிறகு அங்கே போய் உட்கார்ந்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பேன்.

அவனுக்குக் கேட்காது என்றுதான் எண்ணியிருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல். ஜியிலிருந்து சிக்கு மாறிக்கொண்டிருந்தேன். சி வாசித்ததும் வீட்டுக்குள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தினேன். ஒன்றுமில்லை. மறுபடி ஜி வாசித்தேன். அமைதி. சி வாசித்தேன். டொக்.

தேவன் தான் நடந்து பழகும் நாலுகால் ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

சி தப்பு என்கிறான். அது எனக்குப் புரிந்தது. என்ன தப்பு என்று புரியவில்லை. விரல்களைச் சரிசெய்து மறுபடி வாசித்தேன். டொக். இன்னும் அழுத்தினேன். டொக். பிறகு ஊன்றுகோலின் சத்தம் நகர ஆரம்பித்தது. அறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சமையலறை. நான் எழுந்துபோய்ப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். அடுப்படியில் நின்ற சரோஜா வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

வந்து என் இடப்பக்கத்தில், அழுக்குத் துணிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு இடது கையை நீட்டி, கித்தாரின் கழுத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த என் கட்டைவிரலைப் பிடித்துக் கீழே, பின்பக்கத்துக்குத் தள்ளினான். மற்ற விரல்கள் தாமாகவே நிமிர்ந்துகொண்டன. அதுவரை என் சுட்டுவிரலின் சதை கடைசிக் கம்பியில் உரசி அதை ஊமையாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வாசி என்பதுபோல் தாடையை அசைத்தான். வாசித்தேன். மழைச் சத்தத்துக்கு மேல் அந்தக் கோர்டு முழுசாக எழுந்து நின்றது.

"அதான்" என்றான்.

அன்றைக்கு அந்தச் சொல் சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதை அவனும் கவனித்தான். சிரித்தான். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

தண்ணி வேணும்

அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். அவன் பேச முடியாத வாத்தியார், நான் காது கேளாத மாணவன். தப்பாக வாசித்தால் என் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைப்பான். அவனுடைய இடது கை விரல்கள் எல்லாவற்றையும் அப்படியே நினைவில் வைத்திருந்தன.

கோர்டு மாறுவது எனக்கு ஓரளவு வந்ததும் அஸ்லினா சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தொடங்கினோம். வீட்டில் அவன் அதிகம் சொல்லக்கூடிய வாக்கியங்களைத் தேர்ந்துகொள்ளச் சொல்லியிருந்தார். தண்ணி வேணும். கால் வலிக்குது. போதும். காலையில் யார் வீட்டுக்கு வந்தாலும் கேட்கும் பசியாறிட்டியா. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோர்டில் சின்னதாக ஒரு மெட்டு. நான் வாசிக்க வேண்டும், சரோஜா பாட வேண்டும், தேவன் இடது கையால் மேசையில் தட்டிக்கொண்டே கூடப் பாட வேண்டும்.

முதலில் மெட்டு மட்டும்தான் வந்தது. சொல் இல்லாமல் 'ம்ம்' என்று மிகச் சுத்தமாக வந்தது. சரோஜா சுருதி தப்பினால் முகத்தைச் சுளிப்பான்.

எத்தனை வாரம் அப்படியே போனது என்று சொல்லத் தெரியவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். தினமும் உட்காருவது மட்டும் பழகிப்போயிருந்தது. அப்படியொரு மத்தியானம், சரோஜா "தண்ணி" என்று பாடி மூச்சு விட நிறுத்திய இடைவெளியில், அவன் "ணும்" என்றான்.

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் போய்விடுமோ என்று பயம். மறுபடி அதே இடம் வந்தது. "வேணும்" என்றான். சரோஜா எழுந்துபோய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். முழுக் குவளையையும் குடித்து முடித்தான்.

ஒரு பெயர்

அதற்குக் கொஞ்ச நாளில் ரவாங்கிலிருந்து ஒரு போன் வந்தது.

"பெரியப்பா, மாலினி பேசுறேன்."

குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கடைசியாகக் கேட்டபோது அது சின்னப் பெண்ணின் குரல். இப்போது அவள் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள்.

"அப்பாவுக்கு ஸ்ட்ரோக்னு அப்பவே தெரியும். வரல. சாரி பெரியப்பா. அடுத்த மாசம் ஒரு சண்டே வரலாமா?"

"என்னம்மா கேள்வி இது. வா லா."

பிறகு கேட்டாள், "என்னப் பார்த்தா ஏசுவாரா?"

"ஏசுறதுக்கு அவன்கிட்ட வார்த்தை இல்லம்மா."

தேவனிடம் சொன்னேன். அவன் கித்தாரைக் கையால் காட்டினான்.

அவனுக்கு என்ன வேண்டும் என்று விளங்கிவிட்டது. 'மா'வுக்கு ஜி, 'லி'க்கு இ மைனர், 'னி'க்கு சி என்று அவனே என் விரல்களை வைத்துக் காட்டினான். மூன்று சுரமும் பிசகாமல் அவன் தொண்டையில் வந்தன. ஆனால் வாயைத் திறந்து 'மா' என்று தொடங்கினால் அது அதான் என்று முடிந்தது. காலையும் மாலையும் முயன்றோம். தண்ணி வந்தது, வலி வந்தது, போதும் வந்தது. பெயர் வரவில்லை.

"பெயர்கள்தான் எல்லாவற்றிலும் கடினம்" என்றார் அஸ்லினா. "அவசரப்படுத்தாதீர்கள். பெலான் பெலான்." மெதுவாக, மெதுவாக.

ஒரு நாள் தேவன் அழுதுவிட்டான். முகத்தின் ஒரு பாதி மட்டும்தான் அழுதது. சரோஜா என் மடியிலிருந்து கித்தாரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "இன்னிக்குப் போதும் தம்பி" என்றாள், என்னிடம் அல்ல, அவனிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அன்று காலை சவரம் செய்துவிடச் சொல்லிக் கன்னத்தைத் தடவிக் காட்டினான். நீலச் சட்டையைக் கேட்டான். வாசலைப் பார்த்தபடி நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தான்.

மாலினி தன் சின்னக் காடியை ஓட்டிக்கொண்டு தனியாக வந்தாள். நெற்றி அப்படியே தேவனுடையது. கையில் ஒரு பை ஆரஞ்சு. வேலியருகே சரோஜாவிடம், "ரவாங்லயே பசியாறிட்டுத்தான் வந்தேன் பெரியம்மா. ஒண்ணும் செய்யாதீங்க, ப்ளீஸ்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

உள்ளே வந்து அவனுக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"அதான்" என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். இதுதான் அவன் பேச்சு என்று சொன்னேன். தலையாட்டினாள். மேலே காற்றாடி சுற்றியது. தேவன் என்னை நோக்கித் திரும்பினான்.

கித்தாரை எடுத்தேன். அவ்வளவு நாள் பழகியும் அன்றைக்குக் கை வியர்த்து விரல் கம்பியில் வழுக்கியது. ஜி வாசித்தேன். தேவன் மூச்சை இழுத்தான். உதடுகள் சேர்ந்தன.

"ம்... மா..."

மாலினி அசையாமல் இருந்தாள்.

"அதான்."

மறுபடி வாசித்தேன். மறுபடி அதான். மூன்றாவது முறை அவன் வாயைத் திறக்கவேயில்லை. இடது கையை மடக்கித் தொடையில் குத்திக்கொண்டான்.

"பெரியப்பா, வேணாம். அவர கஷ்டப்படுத்தாதீங்க" என்றாள் மாலினி. "பரவால்லப்பா. ஓகேப்பா."

தேவன் தலையை அசைத்தான். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கி, காற்றில் மூன்று விரலை மடக்கிக் காட்டினான். அது சி. பிறகு மாற்றிக் காட்டினான். ஜி. வேறொரு மெட்டைக் கேட்கிறான். நான் வாசித்தேன். அவன் நாற்காலியின் கையில் தாளம் தட்டிக்கொண்டு, மகளைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக இழுத்துப் பாடினான்.

"ப... சி... யா... றிட்... டியா?"

மாலினியின் முகத்தை நான் பார்க்கவில்லை. சியிலிருந்து ஜிக்குப் போகிற இடத்தில் குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் மட்டும் கேட்டது.

"இல்லப்பா. இன்னும் இல்ல."

சமையலறை வாசலில் நின்றிருந்த சரோஜா உள்ளே போனாள். தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது.

அப்பாவும் மகளும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவன் இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிடுவதை அவள் கவனித்தாள். தன் தோசையையும் சிறு துண்டுகளாகப் பிய்த்து, கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள்.

இப்போது

அதன் பிறகு மாலினி வர ஆரம்பித்தாள். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் என்று சொல்ல முடியாது. வேலை இருக்கும், அவளுடைய அம்மாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுவாள்.

தேவன் ஊன்றுகோலோடு தெருமுனைவரை நடக்கிறான். கூடவே கித்தார் ஒலித்தால் சின்ன வாக்கியங்கள் சில வரும், ஒலிக்காவிட்டால் ஒன்றிரண்டு. வலது கை அப்படியேதான் இருக்கிறது. இனி அதில் பெரிய மாற்றம் வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நானும் அந்த நான்கு கோர்டைத் தாண்டவில்லை. எஃப் பிடிக்கப் பார்த்தேன், சுட்டுவிரல் ஒத்துழைக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரு காலை நேரம். காற்றாடியை நிறுத்தச் சொல்ல நினைத்து மேலே கையைக் காட்டி, தேவன் "மாலினி" என்றான்.

நானும் சரோஜாவும் அப்படியே நின்றுவிட்டோம். கித்தார் பெட்டியில் இருந்தது. யாரும் பாடவில்லை.

"மாலினியப் பார்க்கணுமா? போன் போடவா?" என்று கேட்டேன்.

இல்லை என்று எரிச்சலோடு தலையசைத்தான். காற்றாடியைக் காட்டினான். "மாலினி, மாலினி."

அன்றிலிருந்து அதான் என்ற சொல் அவனைவிட்டுப் போய்விட்டது. அந்த இடத்துக்கு இது வந்துவிட்டது. மருந்து வேண்டுமானாலும் மாலினி. முதுகு அரித்தாலும் மாலினி. டிவியின் சத்தத்தைக் குறைக்கவும் மாலினி.

அஸ்லினாவிடம் கேட்டேன். விடாமல் பழகிய சொல் சிலருக்கு இப்படி நாக்கில் தங்கிவிடும் என்றார். மகளைக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது, பழைய சொல் போல இதுவும் ஒரு சொல், அவ்வளவுதான் என்றார். அதைச் சொல்வதற்கு அவருக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது. ஆனால் பொய் சொல்லவில்லை.

மாலினியிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"தெரியும் பெரியப்பா. நானும் படிச்சுப் பார்த்தேன்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேவன் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தான். மாலினி சரோஜாவோடு சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில்.

"மாலினி" என்றான்.

"வரேன்பா" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தான். காற்றாடியைக் கூட்டினாள். அதுவும் இல்லை. தலையணையைச் சரிசெய்தாள், சன்னல் திரையை இழுத்துவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவன் "மாலினி" என்றான், தலையை இல்லை என்று அசைத்தான்.

செய்து பார்ப்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவன் மறுபடி கூப்பிடவில்லை.